மயக்கம் தெளியுற நேரத்துல பக்கத்துல யாரு? வாசகர் கேள்விகளுக்கு மயக்க டாக்டர் பதில்

போன மாசம் ஆபரேஷனுக்கு முன்னாடி ஏன் வெறும் வயித்துல இருக்கணும்னு எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷன் முடிஞ்சப்புறம் நடந்ததைப் பத்திதான் கேட்டிருக்கீங்க. கூடவே "இதை யார்கிட்ட போய்ச் சொல்றது" ங்கற கேள்வியும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுதான், அதனால சேர்த்தே பதில் சொல்றேன். எழுதினவங்க பேரையும் ஆஸ்பத்திரி பேரையும் எடுத்துட்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, எங்க அப்பாவுக்கு 62 வயசு, ஹெர்னியா ஆபரேஷன். முழு மயக்கம் குடுத்தாங்க. தியேட்டர் கதவு திறந்து 10 நிமிஷத்துல வார்டுக்குக் கொண்டு வந்து கட்டில்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. அப்பா குறட்டை மாதிரி சத்தம் போட்டுட்டே இருந்தார், நல்லாத் தூங்குறார்னு நினைச்சோம். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுச்சு, உதடு கருநீலமா மாறிடுச்சு. என் தம்பி கத்தினதுக்கப்புறம்தான் நர்ஸ் ஓடி வந்து தாடையைத் தூக்கிப் பிடிச்சு ஆக்சிஜன் வெச்சாங்க. இப்ப அப்பா நல்லா இருக்கார். கேட்டதுக்கு "இதெல்லாம் சகஜம்மா" ன்னு சொல்லிட்டாங்க. சகஜமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: அப்பா நல்லா இருக்கார்ங்கறதைப் படிச்சதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சும்மா. மயக்கம் முழுசாத் தெளியாதவங்களுக்கு நாக்கு தளர்ந்து பின்னாடி விழுந்து மூச்சுக்குழாய் வழியைப் பாதி அடைக்கும், அந்தப் பாதி அடைப்போட சத்தம்தான் நீங்க கேட்ட குறட்டை, வழி முழுசா அடைஞ்சா சத்தமே இருக்காது, அதனாலதான் சத்தம் நின்ன அப்புறம் உதடு கருத்துச்சு. வலிக்குக் குடுத்த மருந்து மூச்சை மெதுவாக்கும், தசையைத் தளர்த்தக் குடுத்த மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மூச்சு ஆழமா இழுக்க முடியாது. இது நடக்கக்கூடியதுதான், நானே ஆயிரக்கணக்கான தடவை தாடையைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன். ஆனா அது நடக்கும்போது பக்கத்துல பயிற்சி உள்ள ஆள் ஒருத்தர்கூட இல்லாம இருந்தது சகஜம் இல்ல. நர்ஸ் சொன்ன பதில்ல இந்த ரெண்டும் கலந்துபோச்சு.

இதுக்குத்தான் ரெக்கவரி ரூம்னு தியேட்டரை ஒட்டியே ஒரு இடம் வெச்சிருக்காங்க. அங்க விரல்ல ஆக்சிஜன் கிளிப், கையில பிரஷர் பட்டை, நெஞ்சுல ஈ.சி.ஜி., பக்கத்துல ஆக்சிஜனும் சளி உறிஞ்சுற மெஷினும் இருக்கணும். முதல் கால் மணி நேரம் 5 நிமிஷத்துக்கு ஒருதடவை பிரஷரும் நாடியும் மூச்சும் பார்த்து எழுதுறதுதான் நாங்க பழகின முறை, அப்புறம் 15 நிமிஷத்துக்கு ஒருதடவை. இங்கிலாந்து மயக்க மருத்துவர்கள் சங்கத்தோட விதியில, நோயாளி தன் மூச்சுப்பாதையைத் தானே காப்பாத்திக்கற அளவுக்குத் தெளிஞ்சு பேசுற வரைக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்னே இருக்கு.

அங்க இருந்து எப்ப வெளிய விடலாம்னு பார்க்க ஆல்ட்ரெட் ஸ்கோர்னு ஒரு கணக்கு இருக்கு, 1970ல வந்தது, இன்னிக்கும் உலகம் பூரா அதைத்தான் பெரும்பாலும் வெச்சுப் பார்க்கறாங்க. கை கால் அசைக்கறாரா, ஆழமா மூச்சு இழுத்து இருமுறாரா, பிரஷர் பழைய அளவுக்கு வந்துச்சா, கூப்பிட்டா முழிச்சுப் பதில் சொல்றாரா, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, இப்படி அஞ்சு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2ன்னு மார்க், மொத்தம் 10. 9 வந்தாத்தான் வார்டுக்கு. முதல்ல அதுல ஆக்சிஜன் அளவுக்குப் பதிலா உடம்பு நிறம்தான் இருந்துச்சு, 1995ல மாத்தினாங்க. நம்ம ஊர் மாநிறத்துல நீலம் பாரிக்கிறது சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது, நீங்க உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிச்சது பெரிய விஷயம், ஆனா அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் நீங்க இல்ல.

ஆஸ்பத்திரித் தரத்தைப் பார்த்துச் சான்று குடுக்கற என்.ஏ.பி.எச்.ங்கற தேசிய வாரியத்தோட அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரியா இருந்தா, மயக்கத்துக்கு முன்னாடி பரிசோதனை, நடுவுல கண்காணிப்பு, அப்புறம் ரெக்கவரியில பார்த்தது, எந்த அளவுகோலை வெச்சு வார்டுக்கு அனுப்பினாங்க, எல்லாமே எழுத்துல இருக்கணும். அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரின்னாலும் மயக்கம் குடுத்த டாக்டரோட பொறுப்பு குறையாது. நீங்க இப்ப கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு பேப்பர்தான், அப்பாவோட மயக்க மருந்துக் குறிப்பும் ரெக்கவரி சார்ட்டும். எத்தனை மணிக்கு தியேட்டரை விட்டு வெளிய வந்தார், அப்ப ஆக்சிஜன் அளவு என்ன, யார் கையெழுத்து போட்டு அனுப்பினாங்கன்னு அதுல இருக்கணும். இல்லைன்னா அந்த இல்லாததே உங்க புகாரோட முதல் வரி.

கேள்வி: 78 வயசு தாத்தாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆச்சு. மறுநாள் ராத்திரி என்னையே யாருன்னு கேட்கறார், டியூபைப் பிடுங்கறார். மயக்க மருந்து அதிகமாயிடுச்சா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெரும்பாலும் அப்படி இல்ல தம்பி. வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு நாள்ல இப்படி மனசு குழம்பறது நிறைய வரும், அதுலயும் இடுப்பு எலும்பு ஆபரேஷன்ல ரொம்பவே. ஆனா "வயசாயிடுச்சு, அப்படித்தான்" னு விட்டுடக்கூடாது, ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம் பார்க்கச் சொல்லுங்க, சிறுநீர் கட்டியிருக்கா, காய்ச்சல் இருக்கா, வலி அடங்கியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கண்ணாடியும் காது மெஷினும் வீட்ல இருந்தா இன்னிக்கே எடுத்துட்டு வந்து மாட்டி விடுங்க. பழகின குரல் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். கையைக் கட்டிப் போடறது கடைசி வழி.

கேள்வி: மேடம், என் மனைவிக்கு முதுகுல ஊசி போட்டு சிசேரியன் ஆச்சு. மூணாம் நாள்ல இருந்து உட்கார்ந்தா தலை பிளக்கற மாதிரி வலி, படுத்தா போயிடுது. குழந்தைக்குப் பால் குடுக்கக்கூட உட்கார முடியல. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா ரிசப்ஷன்ல "வாயுவா இருக்கும், தண்ணி குடிக்கச் சொல்லுங்க" ன்னாங்க. தலையணை வெச்சுப் படுத்ததாலதான் வந்துச்சுன்னு எங்க அத்தை சொல்றாங்க. மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கப்புறம் ஒருதடவைகூட வந்து பார்க்கல. (திருப்பூர் வாசகர்)

பதில்: உட்கார்ந்தா வந்து படுத்தா போற வலி, முதுகு ஊசிக்கு ரெண்டு மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சது, இது முதுகு ஊசித் தலைவலியாத்தான் இருக்கும்னு தோணுது, ஆனா நேர்ல பார்த்து உறுதி பண்ணணும். ஊசி போன ஓட்டை வழியா தண்டுவட நீர் கசியறதால வர்றது. மெல்லிசா பென்சில் முனை மாதிரி இருக்கற ஊசி வந்ததுக்கப்புறம் இது ரொம்பக் குறைஞ்சிருக்கு, ஆனா ஒழிஞ்சிடல. தலையணைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அத்தைகிட்ட சொல்லுங்க, தலையணை இல்லாம மல்லாக்கப் படுத்தா வராதுன்னு நாங்களும் ஒரு காலத்துல சொல்லிட்டிருந்தோம், அப்புறம் ஆராய்ச்சி பண்ணிப் பார்த்ததுல அதனால தடுக்க முடியலன்னு தெரிஞ்சுடுச்சு. உங்க மனைவி தப்பு எதுவும் பண்ணல, அதை அவங்ககிட்ட நீங்க வாய்விட்டுச் சொல்லுங்க, பெத்த உடம்புக்கு அது வேணும்.

வலி மாத்திரை, போதுமான தண்ணி, கொஞ்சம் காபியிலயே நிறைய பேருக்குக் குறையும், குறையலன்னா அவங்க ரத்தத்தையே 15, 20 மில்லி எடுத்து முதுகுல அந்த ஓட்டை பக்கத்துல போடற சிகிச்சை இருக்கு, நல்லாக் கேட்கும். ஆனா காய்ச்சலோட கழுத்து விறைச்சாலோ, பார்வை ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாலோ, வலிப்பு வந்தாலோ, கால் மரத்து பலம் இல்லாமப் போனாலோ, சிறுநீர் போக முடியலன்னாலோ, படுத்தாலும் தலைவலி போகலன்னாலோ போன் பண்ணிட்டு நிக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. பிரசவமான அம்மாவுக்குத் தலைவலின்னா முதல்ல பிரஷர் பார்க்கணும், அதையும் கேட்டு வாங்குங்க.

ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுகிட்ட கோவப்படாதீங்க, அவங்களுக்கு இது தெரியாது. "டியூட்டி மயக்க டாக்டர்கிட்ட பேசணும், முதுகு ஊசி போட்டு மூணு நாள், உட்கார்ந்தா தலைவலி" ன்னு சொல்லுங்க, இந்த வார்த்தைகள் டாக்டர் காதுல விழுந்தா உடனே புரியும். வந்து பார்க்காததைப் பத்திக் கேட்டீங்கல்ல, அதுக்கு அடுத்த கேள்வியிலயே பதில் இருக்கு.

கேள்வி: நான் நியூஜெர்சியில இருக்கேன். அம்மாவுக்கு 71 வயசு, கிரீன் கார்டு, மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கு. முழங்கால் ஆபரேஷனுக்கப்புறம் ராத்திரி முழுக்க வாந்தி, வலி, பெல் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுட்டாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. நான் வந்து நர்ஸ் மேனேஜர்கிட்ட சொன்னேன், வீட்டுக்கு வந்தப்புறம் ஈமெயிலும் போட்டேன். மூணு வாரம் கழிச்சு "உங்கள் கருத்துக்கு நன்றி" ங்கற மாதிரி மூணு வரி லெட்டர் வந்துச்சு. அவ்வளவுதானா? (நியூஜெர்சி வாசகி)

பதில்: அவ்வளவு இல்லம்மா. அமெரிக்காவுல மெடிகேர் பணம் வாங்கற ஆஸ்பத்திரி எல்லாம் மெடிகேரை நடத்தற சி.எம்.எஸ்.ங்கற மத்திய அமைப்போட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது, அதுல உங்க ரெண்டு பிரச்சினைக்குமே தனித்தனியா விதி இருக்கு.

முதல்ல புகார். அங்க இருக்கற ஊழியர் அந்த இடத்துலயே சரி பண்ணிட்டா அது சாதாரண முறையீடு, அதோட முடிஞ்சுது. அப்படித் தீராம நின்னாலோ, நீங்க எழுத்துல குடுத்தாலோ அது முறைப்படியான புகார் ஆயிடும், ஈமெயிலும் எழுத்துல குடுத்ததுதான். அப்படி ஆனதுக்கப்புறம் ஆஸ்பத்திரி எழுத்துல பதில் குடுத்தே ஆகணும், அந்தப் பதில்ல நாலு விஷயம் இருக்கணும்: ஆஸ்பத்திரி தரப்புல யாரைத் தொடர்பு கொள்றதுங்கற பேர், விசாரிக்க என்னென்ன பண்ணாங்க, விசாரிச்சதுல என்ன தெரிஞ்சுது, எந்தத் தேதியில முடிச்சாங்க. உங்களுக்கு வந்த மூணு வரியில இந்த நாலும் இருக்கான்னு பாருங்க. எத்தனை நாள்னு பார்த்தா, சராசரியா 7 நாள்தான் பொருத்தம்னு சி.எம்.எஸ். வழிகாட்டுதல்ல இருக்கு, அதுக்குள்ள முடியலன்னா "இன்னும் விசாரிச்சிட்டிருக்கோம், இத்தனை நாள்ல சொல்றோம்" னாவது தகவல் குடுக்கணும். இந்தப் புகார் முறை ஒழுங்கா நடக்கறதுக்கு ஆஸ்பத்திரியோட நிர்வாகக் குழுவே பொறுப்பு, இல்லைன்னா அவங்க எழுத்துல ஒரு கமிட்டிகிட்ட ஒப்படைச்சிருக்கணும். வாடிக்கையாளர் திருப்தி சர்வேல எழுதறது மட்டும் பொதுவாப் புகாரா எடுத்துக்கப்படாது, நிறைய பேர் அதுல கொட்டிட்டு பதிலுக்குக் காத்திருக்காங்க, அதனால தனியா எழுதுங்க.

ரெண்டாவது, மயக்கத்துக்கப்புறம் பார்க்க வேண்டியது. மயக்கம் குடுக்கத் தகுதி உள்ள ஒருத்தர் ஆபரேஷன் முடிஞ்சு 48 மணி நேரத்துக்குள்ள நோயாளியை மதிப்பிட்டு எழுதியிருக்கணும், ரெக்கவரிக்கு மாத்தின நேரத்துல இருந்து கணக்கு ஓடும். மூச்சும் ஆக்சிஜன் அளவும், நாடியும் பிரஷரும், மனத்தெளிவு, உடம்புச் சூடு, வலி, குமட்டல் வாந்தி, உடம்புல நீர்ச்சத்து, இதெல்லாம் அந்த மதிப்பீட்டுல வரணும். நோயாளி பதில் சொல்ற அளவுக்குத் தெளிஞ்ச அப்புறம்தான் இதைப் பண்ணணும், தியேட்டர் வாசல்லயே கையெழுத்து போட்டு முடிக்கிறதுக்கு இல்ல. உங்க அம்மாவுக்கு இருந்த வாந்தியும் வலியும் அந்தப் பட்டியல்ல இருக்கறதுதான், அதனால அந்தக் குறிப்போட நகலைக் கேளுங்க. அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வெச்சுக் கேட்டாங்களான்னும் அதுலயே தெரியும், தமிழ் பேசற மொழிபெயர்ப்பாளர் போன்லயாவது இலவசமாக் கிடைக்கணும், அது அம்மாவோட உரிமை.

ஆஸ்பத்திரி பதில் சரியில்லன்னா மாநில சுகாதாரத் துறைக்குப் புகார் குடுக்கலாம், சி.எம்.எஸ். சார்புல ஆஸ்பத்திரிக்குள்ள வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கறது அவங்கதான், குறை இருந்தா அதை எழுதி, எப்படித் திருத்தப் போறீங்கன்னு ஆஸ்பத்திரிகிட்ட திட்டம் கேட்பாங்க. மெடிகேர்ல இருக்கறவங்களுக்கு சிகிச்சைத் தரத்தைப் பத்திப் புகார் சொல்ல தனியா ஒரு அமைப்பும் இருக்கு, மெடிகேர் நம்பருக்குப் போன் பண்ணா வழி சொல்வாங்க.

திருப்பூர் தம்பிக்கும் இதையே சொல்றேன், நம்ம ஊர்ல 48 மணி நேரம்னு ஒரு சட்டம் இல்ல. ஆனா ஊசி போட்ட கை மறுநாள் வார்டுக்கு வந்து "கால் அசையுதா, தலை வலிக்குதா, சிறுநீர் போச்சா" ன்னு கேட்கறது எங்க தொழில்ல அடிப்படைப் பழக்கம். ஒரே நாள்ல மூணு நர்சிங் ஹோம் ஓடி மயக்கம் குடுக்கற டாக்டர்களுக்கு இது விட்டுப்போகுதுன்னு எனக்குத் தெரியும், அவங்க கஷ்டமும் தெரியும், இருந்தாலும் ஒரு போனாவது போடலாம்.

கேள்வி: நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ரெக்கவரியில ஸ்டாஃப் நர்ஸ். சில நாள் நான் ஒருத்தியே நாலு பேஷண்டைப் பார்க்கறேன். போன வாரம் ஒரு பேஷண்ட் வீட்டார் புகார் குடுத்தாங்க, மேனேஜ்மென்ட் என்கிட்ட மட்டும் விளக்கம் கேட்கறாங்க. சார்ட்டை "சரி பண்ணி" வைக்கச் சொல்றாங்க. என்ன பண்றது மேடம்? (பேர் ஊர் வேண்டாம்)

பதில்: பண்ணாதம்மா. எது நடந்தாலும் பழைய சார்ட்ல கை வைக்காத. விட்டுப்போனது ஏதாவது இருந்தா இன்னிக்குத் தேதி, இன்னிக்கு நேரம் போட்டு "தாமதமாக எழுதியது" ன்னு குறிச்சு எழுது, அதுல தப்பே இல்ல. பழைய நேரத்தைப் போட்டு இப்ப எழுதினா நாளைக்குக் கேஸ்னு வந்தா மாட்டறது உன் கையெழுத்து, சொன்னவங்க கையெழுத்து எங்கயும் இருக்காது.

எனக்கு வேலையில சேர்ந்த புதுசுல நடந்தது ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்ல. ராத்திரி ரவுண்ட்ஸ்ல ஒரு அம்மாவோட சார்ட்டை எடுத்தேன், மணி 11, சார்ட்ல 12, 12.30, 1 மணி வரைக்கும் 120/80, 120/80ன்னு வரிசையா ஏற்கெனவே எழுதி முடிச்சிருந்துச்சு. கட்டில்ல அந்த அம்மா வேர்த்துக் கொட்டிட்டுப் படுத்திருக்காங்க, பிரஷர் பார்த்தா 70, உள்ள ரத்தக்கசிவு. திரும்ப தியேட்டருக்குக் கொண்டு போய்க் காப்பாத்திட்டோம். எழுதின நர்ஸ் கெட்டவங்க இல்ல, 40 பேருக்கு ஒருத்தியா நின்னவங்க, விசாரணையில தண்டனை அவங்களுக்கு மட்டும்தான், 40 பேருக்கு ஒருத்தியை நிறுத்தினது யாருன்னு யாரும் கேட்கல. அன்னிக்கு நானும் கேட்கல. அது என் மேல இருக்கற கடன்.

அதனால சொல்றேன், நாலு பேரை ஒருத்தியாப் பார்க்க வேண்டி வர்ற ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் சம்பவக் குறிப்புப் படிவத்துல எழுதிக் குடு, எத்தனை மணிக்கு எத்தனை பேர், கூட யார், யாருக்குத் தகவல் சொன்னன்னு. நகல் ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும், ஆனா அதுல நோயாளி பேர் வேண்டாம். விளக்கம் கேட்டாங்கல்ல, விளக்கத்துலயும் அதே எண்ணிக்கையை எழுது. இங்கிலாந்து விதியில, முழுசாத் தெளியாத நோயாளி ஒருத்தர் இருந்தாலும் ரெக்கவரியில குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கணும்னு இருக்கு. புகாரைப் படிக்கிற நிர்வாகங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், நோயாளி வீட்டார் புகார் குடுத்தது அந்த ராத்திரியைப் பத்தி, அந்தப் பொண்ணைப் பத்தி மட்டும் இல்ல.

கேள்வி: பி.ஆர்.ஓ. கிட்ட சொன்னேன், புகார் பெட்டியிலயும் போட்டேன், ஒண்ணும் நடக்கல. தமிழ்நாட்டுல அடுத்து எங்க போறது? வக்கீல் வேணுமா? (சேலம் வாசகர்)

பதில்: ஐயா, பெட்டியில போட்டதுக்கு அத்தாட்சி இல்ல. வெள்ளைத்தாள்ல ஒரு பக்கத்துக்கு மிகாம எழுதுங்க, மேல நோயாளியோட ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), அட்மிஷன் தேதி, கீழ எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சு, யார் இருந்தாங்க, உங்களுக்கு என்ன பதில் வேணும். திட்டு எதுவும் வேண்டாம், நேரமும் நடந்ததும் மட்டும் போதும். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ரெண்டு பிரதி கொண்டு போய் ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க, மறுத்தா ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்புங்க. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளிகள் உரிமை சாசனம்னு ஒண்ணு 2018ல வந்துச்சு, 17 உரிமை, அதுல புகாருக்குப் பதிவு எண் குடுக்கணும், 15 நாளுக்குள்ள முடிவை எழுத்துல சொல்லணும்னு இருக்கு. அது சட்டம் மாதிரி கட்டாயப்படுத்தாது, ஆனா கடிதத்துல அதைக் குறிப்பிட்டா படிக்கிறவங்க நிமிர்ந்து உட்காருவாங்க.

சட்டமாவே இருக்கறது கேஸ் ஷீட் நகல் விஷயம். மருத்துவக் கவுன்சிலோட 2002 நெறிமுறை விதிப்படி நீங்க கேட்டு 72 மணி நேரத்துக்குள்ள ஆவணங்களைக் குடுக்கணும், 3 வருஷம் பாதுகாத்து வைக்கணும். அதனால முதல்ல ஆவணம் கேளுங்க, புகார் அப்புறம். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் குடுத்து அனுப்பிடுவாங்க, மயக்கக் குறிப்பும் நர்ஸ் சார்ட்டும் சேர்த்துன்னு எழுதிக் கேளுங்க.

தனியார் ஆஸ்பத்திரிகள் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997ன் கீழ பதிவு பண்ணியிருக்கணும், மாவட்டத்துல அதைப் பார்க்கறது சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர், ஜே.டி. ஆபீஸ்னு கேட்டா சொல்வாங்க. டாக்டரோட நடத்தை பத்தின்னா தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். நஷ்டஈடுன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், டாக்டர் சேவையும் நுகர்வோர் சட்டத்துல வரும்னு உச்ச நீதிமன்றம் 1995லயே சொல்லிடுச்சு, ஆனா எல்லாருக்கும் இலவசமாப் பார்க்கற அரசு ஆஸ்பத்திரிக்கு அது பொருந்தாது. 2 வருஷத்துக்குள்ள போகணும், நீங்க கட்டின பில் 5 லட்சத்துக்குள்ளன்னா அங்க கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். அரசு ஆஸ்பத்திரின்னா 104க்கும் முதல்வர் உதவி மையம் 1100க்கும் போன் பண்ணிப் பதிவு எண் வாங்கிக்குங்க.

கேள்வி: எண்டோஸ்கோபிக்கு லேசா மயக்க ஊசி போட்டாங்க, ஒரு மணி நேரத்துல தெளிஞ்சுடுச்சு, பைக்லயே வீட்டுக்கு வந்துட்டேன். அடுத்த மாசம் திரும்பப் போகணும், துணைக்கு ஆள் கட்டாயமா? (சென்னை வாசகர்)

பதில்: கட்டாயம் தம்பி. தெளிஞ்ச மாதிரி உங்களுக்குத் தெரியும், ஆனா பிரேக் பிடிக்கற வேகமும் ஞாபகமும் முழுசாத் திரும்பியிருக்காது, 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, மெஷின்ல வேலை பார்க்கக்கூடாது, மது கூடாது, பத்திரத்துல கையெழுத்து போடக்கூடாது. துணைக்கு ஆள் இல்லாம உங்களை வெளிய விட்டது அவங்க தப்பு, இந்தத் தடவை போகும்போது அதைச் சொல்லுங்க. பைக்கை வீட்லயே விட்டுட்டு ஆட்டோவுல போங்க, கூட வர்றவங்ககிட்ட வீட்டுச் சாவியையும் குடுத்துடுங்க.